தூண்டிலா, பைனாகுலரா, வெறும் செருப்பா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அலுவலக நண்பர் ஒருவருக்கு 41 வயதில் ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியிருக்கிறது. “மனசு ஆறுற மாதிரி வெளியே ஏதாவது செய்யுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினி ஒருவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. காலை பத்து மணிக்கு மேல் வீடு தன்னை முறைத்துப் பார்க்கிறது என்கிறார். மூன்றாவது, எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன். “அண்ணே, அரை மணி நேரம் ஃபோனைத் தொடாம இருக்க முடியலண்ணே” என்றான்.

மூவர் கையிலும் இருந்த பட்டியல் ஒன்றுதான்: தூண்டில் போடலாமா, பறவை பார்க்கலாமா, இல்லை பேசாமல் நடக்கப் போகலாமா?

மூன்றும் எனக்குப் பழக்கம். பள்ளி விடுமுறைகளில் சேரன்மகாதேவியில் சித்தப்பாவோடு கன்னடியன் கால்வாய்க் கரையில் தூண்டில் போட்டிருக்கிறேன். சென்னைக்கு வந்து பெரும்பாக்கம் பக்கம் குடியேறிய பிறகு, ஏரியில் கூழைக்கடா இறங்குவதைப் பார்த்துவிட்டு அந்த வாரமே பைனாகுலர் வாங்கினேன். நடையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் சர்க்கரை தேர்ந்தெடுத்தது.

மாடித் தோட்டத்தையும் சேர்த்துக்கொள் என்றார் மதினி. சேர்க்கவில்லை. அது இன்னொரு பிள்ளையை வளர்க்கிற வேலை. ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

செலவையும் தூரத்தையும் சொல்லாமலே எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். “அமைதி வேண்டும்” என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொருளைக் கேட்பதில்லை. ஒருவருக்கு, ஓடிக்கொண்டே இருக்கிற மனம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இன்னொருவருக்கு, அது தன்னை விட்டு வேறெங்காவது போய்விட்டு வர வேண்டும். வேறொருவருக்கு, பாதியில் நிற்கிற யோசனையை முடித்துக்கொள்ள யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். நான் பார்த்தவரை தூண்டில் மனத்தை நிறுத்துகிறது, பறவை அதை வெளியே கூட்டிப்போகிறது, நடை அதைத் தன் வேலையை முடிக்க விடுகிறது. இதில் ஆளுக்கும் மருந்துக்கும் பொருத்தம் தவறினால் இரண்டே மாதத்தில் சாமான் பரணுக்குப் போய்விடும்.

மீதி அளவுகோல்கள் சாதாரணமானவை. ஒன்றும் கிடைக்காத நாள் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் செவ்வாய்க்கிழமையும் தாங்குமா? ஃபோன் உள்ளே வருமா? கடையில் சொல்லாத செலவு எது? ஒரு பெண் தனியாகப் போய்வர முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. மதினி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

## தூண்டில்

ஏரி குளத்தில் தூண்டில் போடப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு மூங்கில் கழி, அதன் நீளத்துக்குக் கொஞ்சம் தங்கூசி என்கிற நைலான் நரம்பு, ஈயக்குண்டு, முள், தக்கை. சித்தப்பா தக்கையைத் தேய்ந்துபோன ஹவாய் செருப்பிலிருந்து வெட்டி எடுப்பார். இரைக்கு மண்புழு, அது கிடைக்காத நாளில் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டிக்கொள்ளலாம். இன்றைக்கும் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடியும்.

வித்தை முழுக்கத் தக்கையில் இருக்கிறது. மீன் இரையைக் கொறிக்கும்போது தக்கை இரண்டு மூன்று முறை துள்ளும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். துள்ளல் நின்று, தக்கை சாய்ந்து, தண்ணீருக்குள் போக வேண்டும். அதுவரை கை தயாராக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் செய்யக் கூடாது. பத்து வயதில் நான் ஒவ்வொரு துள்ளலுக்கும் இழுத்தேன். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தன் பக்கம் வந்த கெண்டையைக் கழற்றிப் போணியில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அந்த மதி மனிதனுக்கு வர எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது.

தக்கையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக் கடனைப் பற்றி யோசிக்க முடியாது. யோசித்த நொடியில் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். அப்புறம், மண்புழுவும் மாவும் ஒட்டிய கையால் யாரும் இருபதாயிரம் ரூபாய் ஃபோனைத் தொட மாட்டார்கள். ஃபோனை ஒதுக்கிவைக்க எத்தனையோ செயலிகள் விற்கிறார்கள். மண்புழு அளவுக்கு ஒன்றும் வேலை செய்யவில்லை.

இனி மறைந்த செலவுகள். ஏரி மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகை எடுத்தவருக்கு அது பிழைப்பு. காவலுக்கு இருப்பவரிடம் கேட்காமல் கழியை நீட்டினால் அமைதி தேடிப் போன இடத்தில் சண்டைதான் கிடைக்கும். கேட்டால் பல இடங்களில் “ஒரு ஓரமா உக்காந்து போடுங்க” என்று விட்டுவிடுவார்கள். பறவைச் சரணாலயம், காப்புக்காடு என்றால் கேட்கவே வேண்டாம், முடியாது. நீலகிரி ஓடைகளின் டிரவுட் ஆசை பலருக்கு உண்டு. அந்த மீனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கான குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் அனுமதி, பயணம், தங்கும் செலவு எல்லாம் கூட்டினால் அது வருடத்துக்கு ஒருமுறை போகும் சுற்றுலா. செவ்வாய்க்கிழமைக்கு ஆகாது.

பிடித்த மீனை என்ன செய்வது? நகரத்து ஏரிகளில் பல, சாக்கடை கலக்கிறவை. அந்த மீனை நான் சாப்பிட மாட்டேன். நல்ல தண்ணீர் மீன் என்றால் ஞாயிறு மதியம் அதை ஆய்ந்து கழுவுவது யார் என்பதைக் காலையிலேயே வீட்டில் பேசிவிட வேண்டும். தன் அமைதிக்கான வேலையை மனைவி தலையில் கட்டிவிட்டு வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். திரும்ப விடுவதாக இருந்தால் முள்ளின் பின்கொக்கியைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். அப்போதும் மீனுக்கு வலியில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் தூண்டிலை விட்டதற்குப் பாதிக் காரணம் அது.

மீதிப் பாதி, அறுந்த தங்கூசி. அது மக்காது. கரையில் விட்டுவிட்டு வந்தால் கொக்கின் காலிலும் நாரையின் இறக்கையிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு முழம் அறுந்தாலும் சுருட்டிப் பையில் போட்டு எடுத்துவர வேண்டும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்குக் கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. அலையைத் தடுக்கக் கட்டியதற்கு, தூண்டில் முள் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இப்போது அதன் மேலேயே நின்று தூண்டில் போடுகிறார்கள், பெயர் இரண்டு மடங்கு பொருந்திவிட்டது. பாசி பிடித்த கல், திடீர் அலை: நீச்சல் தெரிந்தாலும் தனியாகப் போகக் கூடாத இடம். ஏரிக்கரையோ மாலையில் பல ஊர்களில் பாட்டில்கள் திறக்கும் இடம். பெண்கள் தனியாகத் தூண்டிலோடு உட்கார நம் ஊரில் இன்னும் இடம் வாய்க்கவில்லை என்பதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான்.

## பறவை பார்த்தல்

பணம் இங்கேதான் முதலில் கேட்கும். பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று நினைத்து நான் முதலில் 20×50 பைனாகுலர் வாங்கினேன். கைநடுக்கத்தையும் இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. ஒரு தாழைக்கோழி நிலநடுக்கத்தில் மாட்டியதுபோலத் தெரிந்தது. வாங்க வேண்டியது 8×42. எட்டு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கை ஆடினாலும் தாங்கும், விடிகாலை வெளிச்சத்திலும் தெரியும். ஓரளவு நல்லதற்கு 7,000 முதல் 12,000 ரூபாய் ஆகும். ஆனால் முதல் இரண்டு மாதம் அதுவும் வேண்டாம். செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி, வால்காக்கை, ஆள்காட்டி: இவை வெறுங்கண்ணுக்கே அகப்படும். பத்துப் பறவையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. தென்சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும், கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர், உக்கடம் குளங்கள், நெல்லைக்காரர்களுக்குக் கூந்தன்குளம். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் மூன்றுமே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டவை. வேடந்தாங்கல்காரர்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வடக்கிலிருந்து ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்கும். ஏப்ரலுக்கு மேல் தண்ணீரோடு கூட்டமும் வற்றும். நேரம், காலை ஆறிலிருந்து எட்டரை. அதற்கு மேல் பறவைக்கும் வெயில், நமக்கும் வெயில்.

இது மனத்தை எங்கே கூட்டிப்போகிறது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். கருப்புவெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நிற்கும். தலை அசையாது. விழப் போகிறதா, விடப் போகிறதா என்று தெரியாமல் நம் மூச்சும் அதோடு நிற்கும். விழுந்து எழுந்து பறந்த பிறகுதான், நாம் இங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வரும். சித்தப்பாவின் தக்கை எனக்குச் செய்ததை இது செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு: இங்கே மீன் பிடிப்பது நானில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1,300 பேரிடம் ஒரு செயலி வழியாக நாளில் பலமுறை மனநிலையைக் கேட்டு 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தவர்கள், குரலைக் கேட்டவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்தப் பலன் சில மணி நேரம் நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அது தெரிந்தது. பறவைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே குயில் கூவும் நாட்களை யோசித்தால் நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது.

பறவையில் வெறுங்கை நாளே கிடையாது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. காக்கையாவது வரும், சரி. ஆனால் ஒரு வருடம் கழித்து ஒரு நோய் பிடிக்கும். புதிதாக ஒரு இனம் கண்ணில் படாவிட்டால் அந்தக் காலையே வீண் என்று தோன்றும். “இருநூறு ஆச்சா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த கட்டம் கேமரா. பறவை பார்ப்பதன் உண்மையான மறைந்த செலவு அதுதான். நல்ல லென்ஸ் லட்சத்தைத் தாண்டும். பணத்தைவிட, கேமரா வந்த பிறகு முக்குளிப்பான் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதை யாரும் பார்ப்பதில்லை, எடுக்கிறார்கள். ஃபோனும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்: குரலை வைத்துப் பெயர் சொல்ல மெர்லின், பட்டியல் ஏற்ற ஈபேர்ட். இரண்டும் அருமையான செயலிகள். ஆனால் அமைதிக்காகப் போகிறவர்கள் சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து ஏற்றலாம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு இங்கே வழி இருக்கிறது. ஞாயிறு காலைகளில் பெரும்பாலான ஊர்களில் பறவை பார்க்கும் குழுக்கள் கிளம்புகின்றன, குடும்பத்தோடு வருகிறார்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எழுதினாலே போதும், மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். ஒரு குறை: ஏரிக்கரையில் கழிப்பறை இருக்காது. குழுவில் மூத்தவர்கள் எந்தப் பெட்ரோல் பங்க் சுத்தமாக இருக்கும் என்பது வரை தெரிந்துவைத்திருப்பார்கள். பறவைப் பெயருக்கு முன்னால் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## நடை

செலவு செருப்புதான். கணுக்கால், முட்டி பிரச்சினை இருப்பவர்கள் ஷூவுக்கு 3,000 ரூபாய் ஒதுக்கலாம். வெறுங்கை நாள் என்ற பேச்சே இல்லை. போய்விட்டுத் திரும்பினால் முடிந்தது. செவ்வாய்க்கிழமைச் சோதனையில் மூன்றில் இதற்குத்தான் முதல் இடம்.

சிக்கல் வேறு. தக்கையும் மீன்கொத்தியும் நம் கவனத்தை வாங்கிக்கொள்கின்றன. நடை வாங்கிக்கொள்ளாது. வீட்டுக் கடனும் மேலாளரும் கூடவே நடந்து வருவார்கள். முதல் இருபது நிமிடம் மனம் சண்டை போடும். சிலருக்கு அது முடிவதே இல்லை, வேர்வையோடும் அதே கோபத்தோடும் திரும்புவார்கள். எங்கே நடக்கிறோம் என்பது இங்கே பெரிய விஷயம். ஸ்டான்ஃபோர்டில் 38 பேரை வைத்து 2015-இல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தார்கள், மீதிப் பேர் வண்டி ஓடும் பெரிய சாலையோரம் அதே நேரம் நடந்தார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்குத்தான், பழையதையே போட்டு அரைக்கிற பழக்கம் குறைந்தது. ஆகவே 200 அடி ரோட்டோரம் ஹாரனுக்கு நடுவே நடந்துவிட்டு “எனக்கு நடை ஒத்துவரவில்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். ஏரிக்கரை, மரமுள்ள உள்தெரு, கோயில் வெளிப்பிரகாரம் எதுவானாலும் சரி.

காதில் பாட்டு, கையில் அடிக் கணக்கு இரண்டையும் விடச் சொல்வேன். பத்தாயிரம் அடி என்ற எண்ணே 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர் யாரும் அளந்து சொன்னதல்ல. நேரக் கணக்கு வேண்டுமென்றால், இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம் மட்டை உள்ள வெளியில் இருந்தவர்கள் தங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள் என்கிறது. ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை.

தெருநாய்க்குக் கையில் ஒரு குச்சி. இன்னொரு தொல்லை, நடைக்கூட்டாளிகள். நான்கு பேர் சேர்ந்தால் அது நடமாடும் டீக்கடை. நல்ல விஷயம்தான், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. நீண்ட நடைக்கு ஆசைப்பட்டால் திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியை விட்டுவிட்டு சாதாரண நாளில் விடிகாலை போங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தூண்டில் | பறவை | நடை |
|---|---|---|---|
| மனத்துக்கு | நிற்கும் | வெளியே போய்வரும் | தன் யோசனையை முடிக்கும் |
| தொடக்கச் செலவு | 300 ரூபாய் | முதலில் ஒன்றுமில்லை. பிறகு 7,000–12,000 | செருப்பு அல்லது 3,000 |
| மறைந்த செலவு | குத்தகைக்காரர், மீன் ஆய்கிறவர், மீனின் வலி | கேமரா, எண்ணிக்கை வெறி | பழைய கோபம் கூடவே வரும் |
| வெறுங்கை நாள் | அடிக்கடி | முதல் வருடம் இல்லை | இல்லை |
| ஃபோன் | தொட முடியாது | பின்வாசலில் வரும் | காதில் வரும் |
| வார நாளில் | கடினம் | ஏரி பக்கமென்றால் முடியும் | முடியும் |
| பெண்கள் தனியாக | கடினம் | குழுவோடு எளிது | பழகிய பாதையில் எளிது |
| கோடையில் | நிழலும் நீரும் இருந்தால் | சுமார் | விடிகாலை மட்டும் |

## அந்த மூவருக்கு நான் சொன்னது

மதினிக்குப் பறவை. பத்து மணிக்கு மேல் முறைக்கிற வீட்டிலிருந்து மனம் வெளியே போக வேண்டும். காலையில் பார்த்ததை நோட்டிலிருந்து எடுத்து எழுத, பெயர் தேட, பகலும் கொஞ்சம் நிரம்பும். முப்பது வருடம் பேரேடு பார்த்தவருக்குப் பட்டியல் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமரா வாங்கித் தருவதாக மகன் சொன்னானாம். ஒரு வருடம் கழித்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நண்பர் விஷயத்தில் தடுமாறினேன். ரத்த அழுத்தத்துக்கு நடை நல்லது, டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அவர் மனம் அரைத்த மாவையே அரைக்கிற மனம். முடிவில், வாரத்தில் நான்கு நாள் ஏரிக்கரையில் நடை, கரையின் பாதியில் பத்து நிமிடம் நின்று கண்ணில் படுகிற பறவையைப் பார்ப்பது என்று இரண்டையும் கலந்து கொடுத்தேன். பெயர் தெரிய வேண்டாம், எண்ண வேண்டாம். மூன்று வாரமாகப் போகிறார். மாத்திரையை நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்கிறார். அதை டாக்டரிடம் கேளுங்கள் என்றேன்.

பையனுக்குத் தூண்டில்தான். அவன் மாமா ஊர் செங்கல்பட்டுப் பக்கம்; ஏரிக் காவலரிடம் மாமா பேசிவைத்தார். சனிக்கிழமை காலை ரயிலில் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, விரல் நீள ஜிலேபிக் கெண்டை ஒன்றைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். ஃபோன் ஞாபகமே வரவில்லை என்று நான் கேட்காமலே சொன்னான். நான்கு சனிக்கிழமை ஆகிவிட்டது. அவன் அம்மாதான் என்மேல் கோபமாக இருக்கிறார். வாரா வாரம் சப்பாத்தி மாவு குறைகிறதாம்.